புரட்டிப் பார்க்கும் சுகம்

கே: தீபாவளி ஜவுளிக்கு ரங்கநாதன் தெருவில் நாள் முழுக்க அலுக்காமல் சுற்றுகிறது என் குடும்பம். புத்தகக் கடையில் நான் அரைமணி நேரம் நின்றால் மட்டும், “வாங்கினா வாங்குங்க, இல்லாட்டி கிளம்புங்க” என்கிறார்களே?
– ஒரு வாசகர், குரோம்பேட்டை

ப: அவர்களிடம் பொறுமை ஏராளமாக இருக்கிறது, இன்னும் உங்கள் கடைக்கு வந்து சேரவில்லை, அவ்வளவுதான். புடவையை விரித்து, ஜரிகையைத் தடவி, முந்தானையைத் தோளில் போட்டுப் பார்ப்பவர்களுக்கு, பின்னட்டையைப் படித்து, நடுவில் ஒரு பக்கம் பிரித்து, முதல் பதிப்பு எந்த வருஷம் என்று பார்ப்பவரின் மனசு புரியாமலா போகும்? ருசி ஒன்றுதான். இங்கே கூடுதல் சௌகரியம், பார்த்ததை யாரும் மடித்து வைக்க வேண்டியதில்லை.

தேடிப் போன புத்தகம் கிடைப்பது பாதி சந்தோஷம். தேடாத ஒன்று பக்கத்திலிருந்து கையில் அகப்படுகிறதே, அதுதான் மீதி! ஆன்லைனில் பெயரைத் தட்டினால் கேட்டது வரும். பக்கத்து அலமாரி வராது. 1844-இல் தொடங்கிய ஹிக்கின்பாதம்ஸ் புத்தகக் கடை, அண்ணா சாலையில் இன்னமும் இருக்கிறது. அந்த உயர்ந்த கூரைக்குக் கீழே ஒருமுறை எல்லோரையும் நிறுத்திப் பாருங்கள்.

ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சி வரும், 10 சதவீதத் தள்ளுபடியோடு. பிள்ளைகள் உட்பட ஆளுக்கு 300 ரூபாய் கொடுத்து, ‘எதை வாங்குவது என்பது அவரவர் இஷ்டம்’ என்று சொல்லிவிடுங்கள். அப்புறம் ‘கிளம்பலாமா’ என்று நீங்கள்தான் கெஞ்ச வேண்டியிருக்கும்.