தொட்டில் கட்டிய பிறகு பெண் பார்த்த கதை

ஒடிசாவில் நியமகிரி என்றொரு மலை. உச்சியில் நியம ராஜா குடியிருக்கிறார். அங்கே வாழும் டோங்கிரியா கோந்த் பழங்குடி மக்களுக்குச் சாமி, சட்டம், பாட்டன் மூன்றும் அவரே. கோபுரம் கிடையாது, உண்டியல்கூடக் கிடையாது. அதனாலோ என்னவோ, லண்டன் பங்குச்சந்தைவரை போன வேதாந்தா சுரங்கக் கம்பெனியின் கண்ணுக்கு ஆள் தட்டுப்படவில்லை. தட்டுப்பட்டது அவர் காலடியில் கிடந்த பாக்சைட்: 7 கோடி டன்னுக்கும் மேல்.

அடிவாரத்தில், லாஞ்சிகரில், பாக்சைட்டிலிருந்து ஆண்டுக்கு 10 லட்சம் டன் அலுமினா எடுக்கும் ஆலை எழுந்தது. சுரங்கத்துக்கு அனுமதி? அது வரும்போது வரட்டும்! ஊர் உலகத்தில் பெண் பார்த்து, பரிசம் போட்டு, தாலி கட்டி, அப்புறம்தான் தொட்டில். இங்கே தொட்டிலைக் கட்டி ஆட்டவும் ஆரம்பித்துவிட்டார்கள். பெண் வீட்டில் ஒரு வார்த்தை கேட்டீர்களா என்றவர்களுக்கு 'வளர்ச்சிக்கு விரோதி' பட்டம்.

சீர்வரிசையில் குறை சொல்ல முடியாது. பள்ளிப் பிள்ளைகளுக்கு மதிய உணவு, அங்கன்வாடி, மருத்துவ முகாம். 2008இல் உச்ச நீதிமன்றமே சீர்ப்பணத்தை நிர்ணயித்தது: லாபத்தில் 5 விழுக்காடு அல்லது வருடம் 10 கோடி ரூபாய், எது அதிகமோ அது. 2009இல் சுற்றுச்சூழலைப் பேணியதற்காக (சிரிக்காமல் படிக்கவும்) தங்க மயில் விருதுகூட வீடு தேடி வந்தது. எதிர்ப்புக் கிளம்பியதும் மயில் பறந்துவிட்டது.

பணமும் மெல்லக் கழன்றுகொண்டது. 2007இல் நார்வே நாட்டு ஓய்வூதிய நிதி விலகியது. 2010இல் இங்கிலாந்துத் திருச்சபை தன் பங்குகளை விற்றது. அடுத்த மதத்துச் சாமியின் மலைக்காகப் பாதிரிமார் பங்கை விற்ற கதையைப் புராணத்தில் தேடினாலும் கிடைக்காது. அதே ஆண்டு மத்திய அரசு அமைத்த சக்சேனா குழு அறிக்கை கொடுக்க, அப்போதைய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் சுரங்கத்துக்குக் கதவைச் சாத்தினார்.

வழக்கு மறுபடி டெல்லிக்குப் போனது. 2013 ஏப்ரல் 18 அன்று உச்ச நீதிமன்றம், பத்து வருடமாக ஒருவருக்கும் தோன்றாத யோசனையைச் சொன்னது: அந்த மக்களிடமே கேளுங்கள்.

மலையில் நூற்றுக்கு மேல் ஊர்கள். மாநில அரசு 12ஐப் பொறுக்கியது. இன்ஸ்பெக்டர் வரும் நாளில் நன்றாகப் படிக்கிற பையன்களை மட்டும் முன்வரிசையில் உட்காரவைக்கும் தலைமையாசிரியர் தந்திரம்தான். மழைக்காலத்தில் மாவட்ட நீதிபதி மலையேறினார். ஜூலை 18 அன்று செர்க்கபாடியில் முதல் கிராம சபை: முடியாது. அடுத்த ஊர்: முடியாது. ஆகஸ்ட் 19 அன்று ஜரபாவில் கடைசிக் கூட்டம். 12க்கு 12. முன்வரிசைப் பையன்கள் மொத்தமாகக் காலை வாரிவிட்டார்கள்.

இதற்கு முன்பே, 2012 டிசம்பரில், பாக்சைட் இல்லாமல் ஆலை மூடிக் கிடந்தது. அரிசி இருக்கும் வீட்டு வாசலிலேயே உலை வைத்துவிட்டு, அந்த வீட்டுக்காரரிடம் மட்டும் பேசாமல் இருந்ததன் கணக்கு அது. ஏழு மாதம் கழித்துத்தான் அடுப்பு மறுபடி எரிந்தது.

ஜரபா கூட்டம் முடிந்த பத்தாம் நாள், ஆகஸ்ட் 29 அன்று, புதிய கம்பெனிச் சட்டத்துக்குக் குடியரசுத் தலைவர் ஒப்புதல் கொடுத்தார். பெரிய கம்பெனிகள் சராசரி லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டுமாம். சீர்வரிசைக்குச் சட்டமே வந்துவிட்டது.

ஆலை இன்னும் அடிவாரத்தில்தான் இருக்கிறது. பாக்சைட் வெளியூரிலிருந்து ரயிலேறி வருகிறது. நியம ராஜா டிக்கெட் வாங்காமல் மேலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்.