கழட்டுறது சுளுவுங்க மாப்ள

மாப்ள, பி.எஸ்.ஏ. எம்20 வண்டி ஒண்ணு உங்க ஊட்டு ஆசாரத்துல வந்து குந்தியிருக்குதாமா. பர்மிங்காம்காரன் செஞ்ச பழைய ராணுவ வண்டி. எங்க பாப்பாகிட்ட ஒரு வார்த்தை கேக்காம நீங்களா எடுத்த மொத முடிவு இதுதானுங்களாமா. தைரியசாலிதான் போங்க.

வந்த அன்னைக்கே முழுசாக் கழட்டிப் போட்டீங்களாமா. போட்டோ எடுக்கலீங்களாமா. எதுக்குங்க போட்டோ? உங்க ஞாபகசக்திதான் ஊரறிஞ்சதாச்சே, போன நோம்பிக்கு எங்க ஊட்டுக்கு வர்ற வழியவே மறந்தவரு. அத்தன நட்டையும் போல்ட்டையும் ஒரே வாளியில கொட்டி வெச்சது அதவிட நல்ல காரியம். பூட்டும்போது நாலு போல்ட்டு மிச்சமாச்சுன்னா, "வெள்ளைக்காரன் எச்சாப் போட்டுட்டான்"னு சொல்லிக்கலாம்.

அந்த மில்லிமீட்டர் ஸ்பேனர் செட்டு பாத்தனுங்க. நல்லா மின்னுது. அப்புடியே பீரோவுல வெச்சுப் பூட்டிப்போடுங்க. இந்த வண்டிக்கு விட்வொர்த் கணக்குங்க மாப்ள. ஸ்பேனர்ல கால் இஞ்சுன்னு போட்டிருக்கும், வாய அளந்து பாத்தா அரை இஞ்சுக்கும் சித்த மேல இருக்கும். அந்த அளவு நட்டுத் தலைக்கு இல்ல, போல்ட்டுத் தண்டுக்கு. உங்க 13 அந்த நட்டுல ஏறாது, 14 லொடலொடங்கும். 14அப் போட்டு மேல ஒரு தட்டுத் தட்டுனீங்கன்னா, ஆறு மூலையும் மழுங்கி நட்டு உருண்டையாப் போயிரும். பொறகு உளியும் சுத்தியும்தான். மரையும் அப்புடித்தான், நெறைய எடத்துல இஞ்சுக்கு 26 புரி. "கிட்டத்தட்ட இதேதான் சார்"னு கடைக்காரன் குடுக்கற போல்ட்டு மொத ரெண்டு சுத்து சாதுவா ஏறும். மூணாவது சுத்துல உள்மரையத் தின்னுபோடும்.

அடுத்து குரோம். மட்காடு, ரிம்மு, டேங்க்கு எல்லாத்துக்கும் குரோம் பூசப் போறீங்களாமா. இந்த வண்டி ஆரு தெரியுமுங்களா? 1937ல வந்தது. 496 சிசி, சைடு வால்வு, இழுவை என்னமோ 13 குதிரைதான். ரெண்டாம் உலகப் போருக்கு மட்டும் ஏறக்குறைய 1,26,000 வண்டி செஞ்சு அனுப்பியிருக்காங்க. 1940 நவம்பர்ல ஜெர்மன்காரன் போட்ட குண்டுல பி.எஸ்.ஏ.வோட ஸ்மால் ஹீத் ஃபேக்டரியில வேலை செஞ்சவங்க 53 பேரு செத்துப்போனாங்க. அதுக்கப்புறமும் வண்டி வந்துக்கிட்டுத்தான் இருந்துச்சு. நம்ம சனம் பால் வெட்டுன மலாயாத் தோட்டமெல்லாம் 1942ல ஜப்பான்காரன் கைக்குப் போனதும் ரப்பருக்குப் பஞ்சம். வெள்ளைக்காரன் ஹேண்டில்பார் பிடிக்குக் கித்தான் சுத்துனான், கால் வெக்கற எடத்துல வெறும் இரும்ப வெச்சான். அந்தக் கித்தான் பிடியத்தான் நீங்க "அழுக்கா இருக்குது"ன்னு குப்பையில வீசிப்போட்டு, பச்சைக் கலர்ல ரப்பர் பிடி வாங்கி மாட்டியிருக்கீங்க. கண்ணு குளுந்துதுங்க.

மேக்னெட்டோவ மட்டும் தொடவே இல்லியாமா. "கழட்டறதுக்கு முன்னாடி காலைல ஒரே உதையில கெளம்புச்சு மாமா, அது நல்லா இருக்குது"ன்னீங்க. அங்கதானுங்க அது உங்கள ஏமாத்துது. உள்ள இருக்கற கண்டென்சர் கெட்டிருந்தா, குளிர்ல நல்லாக் கெளம்பும். சூடேறினதும் பொறி செத்துப்போகும். பத்து மைல் போயி, டீக்கடையில நிறுத்தி, டீயக் குடிச்சுப்போட்டு வந்து உதைச்சா ஒண்ணும் நடக்காது. கடைக்காரன் ரெண்டாவது டீ போடுவான். மேக்னெட்டோவக் கழட்டி, காயில் சுத்தத் தெரிஞ்ச ஆளுகிட்டக் குடுத்து, கண்டென்சரையும் சேத்து மாத்தச் சொல்லுங்க. குரோம் பூசற காசுல பாதி அதுக்குப் போதும்.

ஆயில் டேங்க்கு காலியா இருந்துதுன்னு புதுசா ஊத்துனீங்களாமே, நெசமா? ஆயில் எங்கயும் போகலீங்க. நாள் கணக்கா நின்னா, டேங்க்குல இருக்கறது பம்பு வழியாக் கசிஞ்சு எஞ்சினுக்கு அடியில போயி உக்காந்துக்கும். அடியில இருக்கற பிளக்கக் கழட்டி அத மொதல்ல எறக்கோணும். எஞ்சின் ஓடும்போது டேங்க்கு மூடியத் தொறந்து, ஆயில் திரும்பி வந்து விழுகுதான்னு பாக்கோணும். விழுகலீன்னா அப்பவே நிறுத்திரோணும்.

உதைக்கறதுக்கும் முறை இருக்குதுங்க. நம்ம கெணத்து மேட்டு ஆயில் எஞ்சின்ல வால்வத் தூக்கிப் புடிச்சுச் சுத்தி, வேகம் வந்ததும் உட்டுருவோமே, அந்த மாதிரி இதுலயும் வால்வு தூக்கற லீவர் ஹேண்டில்பார்லயே இருக்குது. அதப் புடிச்சுப் பிஸ்டன மேல்முட்டத் தாண்டி வெச்சு, பொறி லீவரப் பின்னுக்குத் தள்ளிப்போட்டு, பொறகு உதைக்கோணும். பொறிய முன்னாடியே வெச்சு உதைச்சா, கிக்கரு திருப்பி உதைக்கும். மரியாதையெல்லாம் அதுக்குத் தெரியாது.

எல்.ஈ.டி. லைட்டு, செல்ஃப் ஸ்டார்ட்டு எல்லாம் வெக்கற யோசனையாமா. வெய்யுங்க. ஆனா 50 வருசம் தாண்டுன வண்டிக்குன்னு மத்திய சர்க்காரு 2021ல தனி விதி போட்டிருக்குது. நம்பர்ல வி.ஏ.ன்னு எழுத்து வரும், புதுசாப் பதிய 20,000 ரூவா. கண்காட்சிக்கு, பேரணிக்கு ஓட்டலாம், தெனமும் ஆபீசுக்கு ஓட்ட முடியாது. சேசிஸ்லயோ எஞ்சின்லயோ பெருசா மாத்தியிருந்தா அந்த நம்பரே கெடைக்காது. காயலான் கடை வண்டிக்குக் கம்ப்யூட்டர் மூளை வெச்சா, ஆர்.டி.ஓ. ஆபீசுல கும்புடு போட்டு அனுப்பிருவாங்க.

வரிசை இவ்வளவுதானுங்க. மொதல்ல காகிதம். அப்புறம் பிரேக்கு, மேக்னெட்டோ, ஆயில். கோர்த்து, பழைய பெயிண்டோடயே ஒரு மழைக்காலம் ஓட்டிப் பாருங்க. சொட்டறது எது, ஆடறது எதுன்னு அதுவே காட்டிக்குடுக்கும். அதையெல்லாம் சரிக்கட்டின பொறகுதான் பெயிண்டு, அதுவும் காக்கி. அதுக்கு முன்னாடி டப்பாவத் தொறந்தீங்கன்னா என்னையக் கூப்புடாதீங்க மாப்ள, பெயிண்டரக் கூப்புட்டுக்குங்க.