சீட்டாடத் தடை, பீவர் பார்க்கலாம்

அமெரிக்காவின் கொலராடோவில் லாங்ஸ் பீக் என்றொரு மலை; 14,000 அடிக்கு மேல் உயரம். அதன் அடிவாரத்தில் 1901இல் ஒரு விடுதியை விலைக்கு வாங்கினார் இனோஸ் மில்ஸ். குடி கூடாது, சீட்டு கூடாது, நடனமும் கூடாது என்று சட்டம் போட்டார். காசு கொடுத்து விடுமுறைக்கு வந்தவன் என்னதான் செய்வான்? மரத்தைப் பார்த்தான், பீவர் என்ற பிராணி அணை கட்டுவதைப் பார்த்தான். அந்நாட்டுப் பூங்காக்களில் இயற்கைக் கல்வி வளர்ந்ததற்கு மனிதனுக்குப் பொழுது போகாததும் ஒரு காரணம் என்பது என் கட்சி.

மில்ஸ், 14 வயதில் கான்சாஸ் வீட்டை விட்டு மலையேறி வந்தவர். அதனாலோ என்னவோ, விருந்தினரைக் காட்டுக்குள் கூட்டிப்போகும்போது பெயர்ப்பட்டியல் ஒப்பிக்கும் வாத்தியார் புத்தி அவருக்கு வரவில்லை. மரத்தின் லத்தீன் பெயர் கிடக்கட்டும், அது பட்ட பாட்டைச் சொல் என்பார். மெசா வெர்டே என்ற இடத்தின் பக்கம் வெட்டிச் சாய்த்த ஒரு பைன் மரத்தை அறுத்து, பிளந்து, குந்தி உட்கார்ந்து வளையங்களை எண்ணினார். வயது 1,047! எப்போது தீப்பட்டது, எங்கே அம்பு தைத்தது, எல்லாம் உள்ளே இருந்தது. செத்த பிறகு ஜாதகம் கணிப்பதில் ஒரு சௌகரியம்: பலன் தப்பாது.

அவர் ஊர் ஊராகப் பேசி, எழுதி, நச்சரித்ததில் 1915இல் ராக்கி மலைத் தேசியப் பூங்கா பிறந்தது. 1917இல் அவரிடம் பயின்ற எஸ்தர், எலிசபெத் பர்னெல் சகோதரிகளுக்கு இயற்கை வழிகாட்டி உரிமம் கிடைத்தது. கூடவே ஒரு நிபந்தனை: மரங்கள் முடியும் உயரத்துக்கு மேலே போனால் ஆண்துணை வேண்டும். மரம் இருக்கும்வரை பெண்ணுக்கு அறிவு உண்டு, மொட்டைப் பாறை வந்ததும் போய்விடும் என்று கணக்குப் போட்டிருப்பார்கள் போல. எலிசபெத் பிறகு லாங்ஸ் பீக் உச்சிக்கே ஆட்களைக் கூட்டிப்போனார். எஸ்தர் 1918இல் மில்ஸையே கட்டிக்கொண்டார். அதற்கு உரிமம் கேட்டார்களா தெரியாது.

1919இல் பூங்காவுக்குள் வாடகைக்கு ஆள் ஏற்றி வண்டி ஓட்டும் உரிமையை அதிகாரிகள் ஒரே கம்பெனிக்குக் கொடுத்துவிட்டார்கள். மில்ஸுக்குப் பொறுக்கவில்லை. ஆள் ஏற்றிக்கொண்டு தன் வண்டியை உள்ளே விட்டார். ரேஞ்சர்கள் மறித்தார்கள். “ராக்கி மலைப் பூங்காவின் தந்தை” என்று பத்திரிகைகள் கொண்டாடிய மனிதர், பெற்ற பிள்ளை வீட்டு வாசலில் நின்று வழக்குப் போட்டார்.

ஆனால் அவர் வளர்த்த வழிகாட்டி வேலை வாசலில் நிற்கவில்லை: அடுத்த வருடமே யோசெமிட்டி என்ற இன்னொரு தேசியப் பூங்காவில் இயற்கை வழிகாட்டிகளை நியமித்தார்கள்.