விருத்தாசலத்தில் வாழ்க்கைச் செலவு: பனி, பீங்கான், வீசம் ஆகியவற்றை முன்வைத்து ஓர் ஒப்பாய்வு

வாழ்க்கைச் செலவு என்பது ஓர் ஊரில் ஒருவர் உயிரோடு இருப்பதற்கு ஆகும் தொகை. உயிர் போவதற்கு ஆகும் தொகையை மேலைநாட்டுப் பொருளியலார் இதில் சேர்ப்பதில்லை. விருத்தாசலத்தைப் பொறுத்தவரை அது பெருங்குறை என்பது பின்னர் நிறுவப்படும். கடலூர் மாவட்டத்தில் மணிமுத்தாற்றங்கரையில் உள்ள இவ்வூருக்குத் திருமுதுகுன்றம், பழமலை என்ற பெயர்களும் உண்டு. மூன்று பெயரையும் மாற்றி மாற்றி எழுதினால் ஆய்வு ஆழமாகத் தெரியும் என்பதால் இங்கும் அவ்வாறே செய்யப்படுகிறது.

ஒப்பாய்வு என்றால் இரண்டாவதாக ஓர் ஊர் வேண்டும். அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்திலுள்ள சிரக்கியூஸ் தேர்ந்தெடுக்கப்பட்டது. அந்நாட்டுக் கணக்கில் அங்கே வீடு மலிவு. ஆண்டுக்கு ஏறத்தாழ 3 மீட்டர் பனி கொட்டுகிறது. 1871இல் தொடங்கிய பீங்கான் ஆலை ஒன்று உணவகங்களுக்குத் தட்டும் கோப்பையும் செய்துகொடுத்து 2009இல் மூடப்பட்டது. திருமுதுகுன்றத்திலும் வீடு மலிவு. பீங்கான் தொழிற்பேட்டை உண்டு. மார்கழி தவறாமல் வருகிறது. இதில் பாதி ஒற்றுமைகூட இல்லாத இரு புலவர்களை ஒப்பிட்டு முனைவர் பட்டம் வாங்கியவர்கள் பணி ஓய்வே பெற்றுவிட்டார்கள். எனவே முறையியல் குறித்து ஐயம் எழ இடமில்லை.

குடியிருப்பு: வாடகை உண்டு.

உணவு: முந்திரி இவ்வட்டாரத்தில் விளைவதால் இங்கே அது மலிவாகக் கிடைக்கும் என்று வெளியூர் ஆய்வாளர்கள் எழுதுவர். உள்ளூர்க்காரர்கள் சிரிப்பர்.

பனி: சிரக்கியூஸில் இத்தலைப்பின்கீழ் வருபவை பனி வாரும் மண்வெட்டி, தெருவில் தூவும் உப்பு, பனிக்கென்றே தனி டயர், வீட்டைச் சூடேற்றும் எரிவாயு. பழமலையில் குரங்குக் குல்லா ஒன்று. இங்கே வெப்பநிலை 15 பாகைக்குக் கீழே இறங்குவது அரிது என்பதைக் காட்டிக் குல்லாவை ஆடம்பரச் செலவில் சேர்ப்பாரும் உளர். அவர்கள் வெப்பமானியை விசாரித்தார்களே ஒழிய, விடியற்காலையில் ஜங்ஷனில் சேலம் வண்டிக்கு நிற்பவரின் காதை விசாரிக்கவில்லை (வாய்மொழித் தரவு, இரண்டாம் நடைமேடை). குல்லா கிழிவதில்லை, தாத்தாவிடமிருந்து பேரனுக்கு இறங்குகிறது. ஆகவே ஆண்டுத் தேய்மானம் பூச்சியம்.

பீங்கான்: நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்காகத் தோண்டும்போது வெள்ளைக் களிமண்ணும் கிடைக்கிறது. விருத்தாசலத்துச் சூளைகளில் அகல் விளக்கு, கொலு பொம்மை, ஊறுகாய் ஜாடி, ஃபியூஸ் கட்டை எல்லாம் வேகின்றன. இத்தகைய ஊரின் டீக்கடையில் டீ கண்ணாடி கிளாசில் வருவது ஏன் என்பது ஆய்வுலகின் நீண்டகாலப் புதிர். பெஞ்சுக் கோட்பாடு இதற்கு விடை தருகிறது. பீங்கான் கோப்பை சூட்டைக் காக்கும். சூடு நின்றால் குடிப்பவர் நிதானமாக அரசியல் பேசுவார். பேசினால் பெஞ்சு காலியாகாது. கிளாசோ விரலைச் சுட்டு ஆளை எழுப்பிவிடும் (காண்க: கடைச்சுவர், சுண்ணாம்பின் இரண்டாம் பூச்சுக்கு அடியில், கரிக்கட்டி எழுத்து).

வீசம்: இனி மையப் பொருள். காசியைவிட விருத்தாசலத்துக்கு வீசம் அதிகம் என்பது இப்பகுதி வழக்கு. வீசம் என்பது பதினாறில் ஒரு பங்கு. காசியை 100 என்று கொண்டால் விருத்தாசலம் 106.25. உலகில் வாழ்க்கைச் செலவுக் குறியீட்டெண் என்ற துறை தோன்றுவதற்கு முன்பே இரு நகரங்களை இரண்டு தசமப் புள்ளி வரை துல்லியமாக ஒப்பிட்ட ஊர் இது. ஆனால் அந்த வீசம் எதில் அதிகம் என்பதில் அறிஞர் மூவகைப்படுவர். முதல் தரப்பு, புண்ணியத்தில் என்னும். இரண்டாம் தரப்பு, கைச்செலவில் என்னும். இவ்வூர்ச் சிவன் கோயிலில் கோபுரம் ஐந்து, பிரகாரம் ஐந்து, நந்தி ஐந்து, தீர்த்தம் ஐந்து என எல்லாம் ஐந்தைந்தாக இருப்பதால் கற்பூரம் கூடுதலாகப் பிடிக்கும் என்பது அதன் வாதம். மூன்றாம் தரப்பு, காசிக்குப் போகாமல் மிச்சமாகும் ரயில் கட்டணமே அந்த வீசம் என்னும். இம்மூன்றையும் ஒரே அறிஞர், பட்டத்துக்கு ஒன்று, பதவி உயர்வுக்கு ஒன்று, பணம் கட்டி அச்சேற்றும் கருத்தரங்கக் கோவைக்கு ஒன்று என எழுதியிருக்கவும் கூடும் (விரிவுக்குக் காண்க: இன்னும் எழுதப்படாத நூல், திருத்திய மூன்றாம் பதிப்பு, செல்லரித்த இயல், அடிக்குறிப்பின் அடிக்குறிப்பு, வேறொரு கையெழுத்தில், டீக்கறைக்கு இடப்புறம்).

மரணம்: இங்கே உயிர் விடுவோரை உமையம்மை மடியில் கிடத்தி முந்தானையால் விசிற, இறைவன் காதில் மந்திரம் ஓதுவான் என்கிறது தலபுராணம். விசிறிக்கு மின்கட்டணம் இல்லை. சிரக்கியூஸில் இவ்வசதி இல்லாததால் ஒப்பீடு இவ்விடத்தில் கைவிடப்படுகிறது.

பணப் பரிமாற்றம்: சுந்தரர் இத்தலத்தில் பெற்ற 12,000 பொன்னை மணிமுத்தாற்றில் போட்டுத் திருவாரூர்க் கமலாலயக் குளத்தில் எடுத்தார் என்பது வரலாறு. எடுத்த பொன் முதலில் மாற்றுக் குறைந்திருந்தது. அனுப்புக் கட்டணம் பிடிக்கப்பட்டதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. சுந்தரர் பாடியதும் பிடித்தம் முழுவதும் திரும்பி வந்தது. இப்போதைய வங்கிகள் பாட்டுக்கு அசைவதில்லை. திருவாரூரிலிருந்து விருத்தாசலத்துக்கு மறுவழியில் அனுப்பிய செய்தி எதுவும் புராணத்தில் இல்லை. ஆகவே சேவை ஒருவழியானது எனக் கொள்க.

வழக்குச் செலவு: ஊரை அடுத்த மணவாளநல்லூரில் கொளஞ்சியப்பர் கோயில் உள்ளது. குறையுள்ளவர் அதைத் தாளில் மனுவாக எழுதி முனியப்பர் சந்நிதி வேலில் கட்டுவர். இதற்குப் பிராது கட்டுதல் என்று பெயர். கட்டணத்தில் மனுதாரர் ஊருக்கு உள்ள தூரமும் கிலோமீட்டர் கணக்கில் சேரும். காரியம் முடிந்தால் வந்து ராஜினாமா செய்துவிட வேண்டும். வழக்கறிஞர் கூலி, வாய்தாச் செலவு இரண்டும் இல்லாததால் தமிழ்நாட்டின் மலிவான முறைமன்றம் இதுவே.

இக்கட்டுரையின் முடிபுகளை மறுப்பவர்கள் அங்கேயே பிராது கட்டலாம். சிரக்கியூஸிலிருந்து வருவோர் கிலோமீட்டருக்குச் சில்லறை எடுத்துவருக.