இஃப் சார்

எந்த அலுவலகத்துக்குப் போனாலும் அப்படி ஒருவர் இருக்கிறார். உதவியாளர், சூப்பரின்டெண்டென்ட், அக்கவுன்ட்ஸ் என்று பதவி ஏதாவது இருக்கும். ஆனால் அவரைத் தேடி எல்லாரும் வருவது வேர்டில் படிவம் போட்டு வாங்கத்தான். வெறும் கட்டம் கட்டிய படிவம் என்றால் யாரும் போட்டுவிடலாம். இவர் போடுவது தானே கூட்டும், தானே கழிக்கும், ஆளைப் பார்த்து வாசகத்தை மாற்றிக்கொள்ளும். அந்த நிபந்தனைக் கட்டளைக்கு வேர்டில் 'இஃப்' என்று பெயர். அதனால் முதுகுக்குப் பின்னால் அவருக்கு 'இஃப் சார்' என்று பெயர். அது அவருக்கும் தெரியும். உள்ளூரப் பெருமைதான்.

சார் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ். மேஜைக்குக் கணினி வந்த காலத்தில் மற்றவர்கள் மௌஸைத் தொடவே யோசித்தபோது, இவர் வேர்ட் 97-இன் உதவிக் குறிப்புகளைப் பிரிண்ட் எடுத்து, பஞ்ச் செய்து, டேக் கோத்து, ஃபைலே போட்டுவிட்டார். அந்த ஃபைல் இன்றைக்கும் இழுப்பறையில் இருக்கிறது. கேட்டால் காட்டுவார், கையில் கொடுக்க மாட்டார்.

புதிதாகச் சேர்ந்த பையன் யாராவது, "சார், இதையெல்லாம் எக்ஸல்லயே போட்டுடலாமே?" என்று கேட்டுத் தொலைப்பான். சார் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். "எக்ஸல்ல யார் வேணாலும் கூட்டலாம் தம்பி." அதற்கு மேல் விளக்கம் கிடையாது.

அதே பையன் பணிவாகக் கற்றுக்கொள்ள வந்தால் கதையே வேறு. நாற்காலியை இழுத்துப் போடச் சொல்வார். முதல் பாடம் ஃப்ளவர் பிராக்கெட். "நீ கீபோர்டுல அடிக்கிற ஃப்ளவர் பிராக்கெட்டை வேர்ட் மதிக்காது. கன்ட்ரோலும் எஃப்9-ம் சேர்த்துத் தட்டு. இப்ப வந்துச்சு பாரு, இதுதான் அசல்." பார்க்க இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். அதுதான் அவருக்குக் குஷி. பிறகு இஃப் என்று அடிக்கச் சொல்வார், நிபந்தனையைச் சொல்வார், இரண்டு பக்கமும் மேற்கோள் குறி போட்டு 'ஆமாம்' என்றால் வரவேண்டிய வாசகம், 'இல்லை' என்றால் வரவேண்டிய வாசகம். "சமக்குறிக்கு முன்னாடியும் பின்னாடியும் இடம் விடு. விடாட்டி அது கோவிச்சுக்கும்." கடைசியாக எஃப்9. பிராக்கெட் மறைந்து விடை வந்து நிற்கும். பையன் முகத்தைச் சார் பார்ப்பார். அந்த நேரத்தில் வியக்காதவனுக்கு அடுத்த பாடம் இல்லை.

வீட்டிலும் இப்படி நிபந்தனை போட்டுத்தான் பேசுவாரோ என்று எனக்குச் சந்தேகம். ஹோட்டலில் அவர் சொல்லும் ஆர்டரைக் கேட்டிருக்கிறேன். "வெங்காயம் நறுக்கி வெச்சிருந்தா ஊத்தப்பம். இல்லைன்னா தோசை. தோசைக்கு லேட்டாகும்னா எதுவுமே வேண்டாம்." சர்வருக்கு இது புரியவில்லை. எங்களுக்குப் புரிந்தது: இஃப்புக்குள் இஃப், கடைசியில் வெறும் மேற்கோள் குறி.

அவர் படிவங்களால் நடந்த கூத்துகளையும் சொல்லத்தான் வேண்டும். பயணப்படி பில்லில், மேலே உள்ளதையெல்லாம் கூட்டு என்று ஒரு ஃபார்முலா வைத்திருந்தார். நெடுவரிசையின் தலைப்பில் '2024' என்று வருஷம் மட்டும் இருந்தது. வேர்டுக்கு அது வருஷமா ரூபாயா என்று தெரியாது, சேர்த்துக் கூட்டிவிட்டது. 1,850 ரூபாய் பில் 3,874 ஆனது. பில் போட்டவர் வாயே திறக்கவில்லை. கேஷியர் அம்மாதான் கண்டுபிடித்தார்.

மெமோ விஷயம் இதைவிட மோசம். மெமோ மாதிரியில் தேதி தானே விழும்படி வைத்திருந்தார். அந்தத் தேதிப் புலம் கோப்பைத் திறக்கும்போதெல்லாம் அன்றைய தேதிக்கு மாறிவிடும். மாறாமல் நிற்க வேண்டுமானால் ஆவணம் உருவான தேதியைக் காட்டும் வேறு புலம் போட வேண்டும். சில மாதம் கழித்து விசாரணைக்கு நகல் எடுக்கத் திறந்தால் மெமோவில் இன்றைய தேதி. மெமோ வாங்கியவர் சாவகாசமாகக் கேட்டார்: "இன்னைக்கு அனுப்பின மெமோவுக்கு நான் போன மாசமே விளக்கம் கொடுத்திருக்கேனே, அதுக்கு ஏதாவது பாராட்டு உண்டா சார்?"

தொகையை எழுத்தால் எழுதும் வசதியும் வைத்தார். லட்சம் என்ற கணக்கே அதற்குத் தெரியாது. 1,25,000-ஐ ஆங்கிலத்தில் 'ஒன் ஹண்ட்ரட் ட்வென்டி ஃபைவ் தவுசண்ட்' என்று எழுதும். பத்து லட்சத்தைத் தொட்டால் என்னால் ஆகாது என்று பிழை காட்டிவிடும். "அதெல்லாம் ஹெட் ஆபீஸ் தொகை, நமக்கு எதுக்கு?" என்றார் சார். பழைய பாணிப் படிவத்தின் கீழ்விரி பெட்டியில் 25 பெயர்தான் அடங்கும். தமிழ்நாட்டில் 38 மாவட்டம். அசரவில்லை மனிதர். 'மாவட்டம்' என்று ஒரு பெட்டி, 'மேலே இல்லையெனில் மாவட்டம்' என்று இன்னொன்று. விழுப்புரத்துக்காரர்கள் எப்போதும் இரண்டாவது பெட்டியில்தான் பிறந்தார்கள்.

பாமினி எழுத்துரு அவருடைய ஜென்ம விரோதி. கடிதப் படிவத்தில் 'ஆண்' என்றால் திரு. இல்லாவிட்டால், மணமானவர் என்றால் திருமதி. அதுவும் இல்லாவிட்டால் செல்வி. கச்சிதமான ஃபார்முலா, யூனிகோடில் எழுதியது. யாரோ பழைய பழக்கத்தில் பாமினியில் 'ஆண்' என்று அடித்துவிட்டார்கள். நம் கண்ணுக்கு ஆண். வேர்டுக்கு அது ஆங்கில எம், இசட், ஓர் அரைப்புள்ளி. நிபந்தனை பொய்த்தது. மீசையும் பிரம்மச்சரியமுமாக இருந்த ஸ்டோர் கீப்பருக்கு 'செல்வி' என்று கடிதம் போனது.

இவ்வளவு சிரித்த பிறகு, நியாயமாக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சம்பளச் சீட்டில் அவர் எழுதிய இ.எஸ்.ஐ. ஃபார்முலா மாதிரி ஒன்றை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. சம்பளம் 21,000-க்குள் என்றால் முக்கால் சதவீதம் பிடித்தம், தாண்டினால் இல்லை என்றுதான் எல்லாரும் எழுதுவார்கள். ஆனால் ஜூனில் இன்கிரிமென்ட் வந்து வரம்பைத் தாண்டியவருக்கு உடனே நிறுத்தக் கூடாது. ஏப்ரலில் தொடங்கிய அந்தப் பங்களிப்புக் காலம் செப்டம்பரில் முடியும்வரை பிடிக்க வேண்டும். அக்டோபர்–மார்ச் அரையாண்டுக்கும் அதே விதி. பணம் கொடுத்து வாங்கிய சாஃப்ட்வேர் அதைக் கோட்டை விட்டது. சாரின் வேர்ட் படிவம் விடவில்லை. ஃபார்முலாவை விரித்துப் பார்த்தால் பிராக்கெட்டுக்குள் பிராக்கெட்டாக அரைப்பக்கம் ஓடும். விதியை முழுசாகப் படித்தவர் அந்த அலுவலகத்திலேயே அவர் ஒருவர்தான்.

இருந்தும் அவருக்கு ஒரு மனக்குறை. 2007-இல் வேர்ட் புதுவிதப் படிவக் கட்டங்களைக் கொண்டுவந்தது. பார்க்க அழகு, கணக்குத் தெரியாது. கணக்குத் தெரிந்த பழைய கட்டங்களை 'பழைய கருவிகள்' என்று பெயர் வைத்து, சாதாரணமாகக் கண்ணில் படாத டெவலப்பர் தாவலுக்குள் போட்டுவிட்டார்கள். "வேலை தெரிஞ்சவனை மூலையில உக்கார வெக்கிறது எல்லா இடத்துலயும் உண்டு" என்பார். எதைச் சொல்கிறார் என்று நாங்கள் கேட்பதில்லை.

ஓய்வு நெருங்குகிற இஃப் சார்களுக்கு ஒரு பழக்கம் உண்டு: எல்லாப் படிவங்களுக்கும் பாஸ்வேர்ட் போட்டுப் பூட்டுவது. பார்ட்டி முடிந்து, சந்தன மாலையோடு அவர் வீடு போய்ச் சேர்ந்த மறுநாள்தான் பஞ்சப்படி விகிதம் மாறும். ஃபோன் போட்டால், "ஞாபகம் வந்தா சொல்றேன்பா" என்பார். நீங்கள் பதற வேண்டாம். வெற்று ஆவணம் ஒன்றைத் திறந்து, இன்சர்ட் பகுதியில் 'கோப்பிலிருந்து உரை' என்பதன் வழியாக அந்தப் படிவத்தை உள்ளே கொண்டுவாருங்கள். ஃபார்முலாவெல்லாம் வரும், பூட்டு வராது. சாரிடம் மட்டும் இதைச் சொல்லிவிடாதீர்கள்.