இரண்டு லேப்டாப்புகளும் ஒரு கழுதையும்: நாஞ்சில் நாட்டுத் தேர்வியல் குறித்த ஓர் ஆய்வு

கன்னியாகுமரி மாவட்டத்தின் எழுத்தறிவு 2011 கணக்கெடுப்பின்படி 91.75 விழுக்காடு. தமிழ்நாட்டில் அதுவே முதலிடம். வாசிக்கத் தெரிந்த இந்த 91.75 விழுக்காட்டினரும் தெரியாத 8.25 விழுக்காட்டினரும் வேறுபாடின்றித் தலையைச் சொறியும் இடம் ஒன்று உண்டென்றால், அது லேப்டாப் அட்டைப்பெட்டியின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் சீட்டுதான். ஒரே பெட்டி என்றால்கூடப் பிழைத்துக்கொள்ளலாம். 48,990 ரூபாய்க்கு ஒன்று, 51,990 ரூபாய்க்கு இன்னொன்று என இரண்டு பெட்டிகளை மேசைமேல் வைத்துவிட்டுக் கடைக்காரர் டீ குடிக்கப் போய்விடும்போதுதான் இந்த ஆய்வுக்கான தேவை எழுகிறது.

ஆய்வின் எல்லைகளை முதலில் வகுத்துவிடலாம். இரண்டு லட்சம் கொடுத்து வாங்குகிறவர் இதில் சேரமாட்டார். அவருக்கு ஐயம் எழுவதில்லை. அரசு லேப்டாப் பெற்றவரும் சேரமாட்டார். 2011 செப்டம்பர் 15 அன்று முதல்வர் ஜெயலலிதா திருவள்ளூர் மாவட்டத்தில் தொடங்கிவைத்த அந்தத் திட்டத்தில் அரசு நிறுவனமான எல்காட் டெண்டர் விட்டது, பள்ளிக்கூடம் வாங்கி வைத்தது, பிள்ளைகள் வரிசையில் நின்று பெற்றுக்கொண்டார்கள். எந்தக் கம்பெனி என்று யாரும் யாரிடமும் கேட்கவில்லை. லேப்டாப் வரலாற்றிலேயே ஒரு குடும்பச் சண்டைக்கும் இடம்தராத விநியோகம் அதுவாகத்தான் இருக்கும். 2025-26 பட்ஜெட்டில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கென்று அறிவித்தபோது, லேப்டாப் அல்லது டேப்லெட் என்று ஓர் ‘அல்லது’ உள்ளே புகுந்துவிட்டது. அதன் விளைவுகள் தனி ஆய்வுக்குரியவை.

ஆக, இங்கே ஆய்வுப் பொருள் நடுவில் இருக்கும் குடும்பம். மகளுக்குக் கோணத்திலோ சுங்கான்கடையிலோ இன்ஜினியரிங் சீட் கிடைத்திருக்கிறது. கையில் ஐம்பதாயிரம் இருக்கிறது. “அதுக்குமேல ஒரு ரூவா கிடையாது” என்று அப்பா சொல்லியிருக்கிறார். 51,990 ரூபாய்ப் பெட்டியைத் திரும்பத் திரும்பத் தொட்டுப் பார்ப்பதும் அவரேதான்.

இரண்டும் ஏன் இப்படி ஒன்றுபோல் இருக்கின்றன? இதற்கு ஹரால்ட் ஹோட்டலிங் என்ற அமெரிக்கப் பொருளியலாளர் 1929இலேயே விடை எழுதிவிட்டார். ஒரு தெருவில் போட்டியிடும் இரண்டு கடைக்காரர்கள் ஆளுக்கொரு மூலையில் நிற்கமாட்டார்கள், வாடிக்கையாளரைப் பிடிக்க ஒருவரையொருவர் நெருங்கி நெருங்கி நடுத்தெருவுக்கே வந்துவிடுவார்கள் என்றார் அவர். சரக்கும் அப்படித்தான் ஒன்றுபோல் ஆகிவிடுமாம். அரசியல் கட்சிகளையும் திருச்சபைகளையும்கூட அவர் உதாரணம் காட்டினார். திருச்சபைகள் பற்றிய பகுதியை இந்த மாவட்டத்தில் வைத்து விரித்துரைப்பது உசிதமல்ல என்பதால் மேலே செல்வோம். ஹோட்டலிங் காலத்தில் இல்லாத காரணம் ஒன்றும் உண்டு. உலகத்தின் பெரும்பாலான லேப்டாப்புகளை, மூடியில் எந்தப் பெயர் இருந்தாலும், குவாண்டா, காம்பல், விஸ்ட்ரான், இன்வென்டெக் போன்ற சில தைவான் கம்பெனிகளே வடிவமைத்துச் செய்து கொடுக்கின்றன. ஒரு வயிற்றுப் பிள்ளைகளுக்குள் ஜாடை இருக்கத்தான் செய்யும்.

தத்துவ உலகில் இந்தச் சிக்கலுக்கு ஒரு கழுதையின் பெயர் உண்டு. இரண்டு பக்கமும் ஒரே அளவு வைக்கோல், ஒரே தூரம். எதை முதலில் தின்பது என்று தீர்மானிக்க முடியாமல் நடுவிலேயே நின்று பட்டினியால் செத்த கழுதை அது. 14ஆம் நூற்றாண்டில் பாரிஸில் பாடம் சொன்ன ழான் புரிடான் பெயரால் அது வழங்கினாலும், அவர் எழுதியவற்றில் அந்தக் கழுதை இல்லை. பின்னால் வந்தவர்கள் கட்டிவிட்ட கழுதை. எப்படியிருந்தாலும் அதை இந்த மாவட்டத்தின் நாஞ்சில் நாட்டுக்குப் பொருத்துவதில் ஓர் இடர்ப்பாடு இருக்கிறது: புரிடான் கழுதைக்கு வளைகுடாவில் அத்தான் கிடையாது.

துபாய் அத்தான் என்ற இந்த மாறி வாட்ஸ்அப் வழியே உள்ளே நுழைந்ததும் இரண்டு மூன்றாகிறது. “ரெண்டும் வேண்டாம், நான் லீவுக்கு வரும்போ எடுத்துட்டு வாறேன்.” அங்கே விலை ஓரளவு குறைவாக இருக்கலாம். வருகிற பெட்டியின் கீபோர்டில் ஆங்கில எழுத்துக்குப் பக்கத்தில் பெரும்பாலும் அரபி எழுத்தும் இருக்கும். சார்ஜர் பிளக்கின் மூன்று செவ்வகக் கால்களும் வீட்டு பிளக் பாயின்டில் ஏறாது. வாரன்டி இந்தியாவில் செல்லுமா என்பதைப் பில்லின் பின்பக்கத்தில்தான் தேட வேண்டும். இவ்வளவையும் அத்தானிடம் சொல்ல முடியாது. டிக்கெட் போட்டாகிவிட்டது.

நுண்ணிய வேறுபாடு காண்பது நாஞ்சில் நாட்டுக்காரர்களுக்கு வராத வித்தையா என்றால், நிச்சயமாக இல்லை. மட்டியும் ரசகதலியும் பாளையங்கோட்டானும் பேயனும் செந்துளுவனும் ஏத்தனும் குலைகுலையாகக் கிடக்கிற சந்தையில் கண்ணைக் கட்டிவிட்டாலும் வாசத்தை வைத்தே பிரித்துச் சொல்லிவிடுவார்கள். 2023இல் கன்னியாகுமரி மட்டிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது, தங்களுக்கு எப்போதோ தெரிந்ததைச் சென்னையில் இப்போதுதான் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள் என்றே ஊரில் எடுத்துக்கொண்டார்கள். பழத்தில் இருக்கும் இந்தக் கூர்மை சிப்பில் செல்லுபடியாவதில்லை. காரணம், பழத்துக்குப் பெயர் வைத்தவன் அதைத் தின்றவன். சிப்புக்குப் பெயர் வைப்பது மார்க்கெட்டிங் பிரிவு.

உதாரணமாக, ஐ5-1235யு, ஐ5-1335யு என்ற இரண்டு இன்டெல் சிப்புகள். முந்தையது 2022, பிந்தையது 2023. இரண்டிலும் பத்து கோர், பன்னிரண்டு திரெட், அதே 12 எம்பி கேஷ், அதே 15 வாட். உச்ச வேகம் மட்டும் 4.4 கிகாஹெர்ட்ஸிலிருந்து 4.6 ஆகிறது. நாலரை விழுக்காடு. மனிதப் புலன் வேறுபாட்டை விகிதத்தால்தான் உணரும் என்று 19ஆம் நூற்றாண்டிலேயே கண்டவர் ஜெர்மானியரான எர்ன்ஸ்ட் வேபர். எக்செல் திறக்கும் நேரத்திலும் யூடியூப் ஓடும் அழகிலும் இந்த நாலரையை உணரக்கூடிய விரல் எந்த மாவட்டத்திலும் கிடையாது. பெயரில் நூறு கூடியிருக்கிறது, அவ்வளவுதான்.

இதற்கு நேர்மாறானது ஏஎம்டி கதை. ரைசன் 5 7520யு, ரைசன் 5 7530யு: எண்ணில் பத்துதான் வித்தியாசம். உள்ளே போனால் முதலாவதில் நான்கு கோர், 2019இல் வந்த ஜென் 2 கட்டமைப்பு. இரண்டாவதில் ஆறு கோர், அதற்கடுத்த ஜென் 3. முதலில் நிற்கும் ஏழு வெறும் ஆண்டுக் கணக்கு. மூன்றாவது இலக்கம்தான் குலம் கோத்திரம் சொல்வது. வரன் ஜாதகத்தில் ராசியிலிருந்து நவாம்சம் வரை சரிபார்க்கிற அப்பாக்கள் இந்த ஓர் இலக்கத்தைப் பாராமல் பணத்தை எண்ணிக் கொடுப்பது வியப்புக்குரியது.

நினைவகத்தில் இதைவிடப் பெரிய வேடிக்கை. மேற்சொன்ன 1235யு சிப்பையே எடுத்துக்கொள்வோம். எட்டு எட்டாக இரண்டு ரேம் போட்டால் அதன் கிராஃபிக்ஸுக்கு ஐரிஸ் எக்ஸ்இ என்று பெயர். ஒரே ஒரு எட்டு மட்டும் போட்டால் அதே சில்லு தன்னை யுஎச்டி என்றுதான் அறிமுகப்படுத்திக்கொள்ளும், வேகமும் குறையும். ஆகவே கடையில் கேட்கத் தகுந்த முதல் கேள்வி, “எத்தன ஜிபி?” என்பதல்ல. “இன்னொரு ரேம் போட ஸ்லாட் உண்டுமா, இல்ல போர்டோட பத்தவச்சதா?” என்பதே. பற்றவைத்திருந்தால் நான்காம் வருடமும் அதே எட்டுதான். ஸ்லாட் இருந்தால் பிற்பாடு கையில் பணம் வரும்போது கூட்டிக்கொள்ளலாம். இந்த ஒரு பதிலுக்காகவே மூவாயிரம் கூடுதலாகக் கொடுக்கலாம் என்பது இந்த ஆய்வின் துணிபு.

திரை விஷயத்தில் சீட்டு பெரும்பாலும் மௌனம் காக்கும். ‘ஃபுல் எச்டி’ என்று கொட்டை எழுத்தில் இருக்கும். 250 நிட்ஸ், 45 விழுக்காடு என்டிஎஸ்சி என்பது இருந்தால் பொடி எழுத்தில் இருக்கும். முதல் எண் வெளிச்சம், இரண்டாவது எண் நிறம். இந்த அளவு கொண்ட திரையைத் திண்ணையில் வைத்துத் திறந்தால் தெரிவது பார்ப்பவரின் முகம்தான். தோவாளைச் சந்தையில் எடுத்த அரளிப்பூ படமும் அதில் வெளிறித் தெரியும்.

வாங்கி வீட்டுக்கு வந்த இரவில் எல்லாக் குடும்பங்களிலும் ஒரு குற்றச்சாட்டு எழும். பெட்டியில் 512 ஜிபி என்று போட்டிருக்கிறது; உள்ளே பார்த்தால் 476. “முப்பத்தாறு ஜிபியை எடுத்துட்டானே!” என்று அப்பா கொதிப்பார். கடைக்காரர் நிரபராதி. டிஸ்க்கைச் செய்கிறவர் ஒரு ஜிபிக்கு நூறு கோடி பைட் என்று எண்ணுகிறார். விண்டோஸ் 107,37,41,824 பைட் என்று எண்ணுகிறது. பண்டம் முழுசாகவே வந்திருக்கிறது, அளக்கிற படிகள்தான் இரண்டு. இந்த விளக்கம் எந்த வீட்டிலும் ஏற்கப்படுவதில்லை.

மறுபடி கடைக்கு. டீ குடித்துவிட்டு வந்தவர் மூன்றாவதாக ஒரு பெட்டியை எடுத்துவைக்கிறார்: விலை 52,490, ஆனால் 51,990 பெட்டியைவிட எல்லாவற்றிலும் ஒரு படி கம்மி. யாரும் அதை வாங்கமாட்டார்கள். ஆனால் அது வந்ததும் 51,990 பளிச்சென்று தெரிகிறது, 48,990 மங்குகிறது. 1982இல் ஹியூபர், பெய்ன், பியூட்டோ என்ற மூன்று அமெரிக்கர்கள் இதை ஆராய்ந்து கட்டுரை எழுதினார்கள். கடைக்காரர் அதை வாசித்திருக்க வாய்ப்பில்லை. துணிக்கடையில் வேலை பார்த்திருக்க வாய்ப்புண்டு.

இவ்வளவும் எந்த ஊருக்கும் பொருந்தும். நாஞ்சில் நாட்டுக்கே உரியது அதன் நில அமைப்பு. நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் சுமார் 70 கிலோமீட்டர், திருநெல்வேலி சுமார் 80. ஆக நடுவில் நிற்பவருக்கு மூன்று சந்தைகள். 2017 ஜூலை 1க்குப் பிறகு கேரள எல்லையான களியக்காவிளைக்கு இப்பாலும் அப்பாலும் லேப்டாப்புக்கு 18 விழுக்காடு ஜிஎஸ்டிதான். ஆனாலும் 2019 ஆகஸ்ட் முதல் 2021 ஜூலை முடிய கேரளம் வெள்ளச் சீரமைப்புக்காக ஒரு விழுக்காடு கூடுதல் வரி போட்டிருந்தது. 48,990 ரூபாய்ப் பெட்டிக்கு நானூற்றுச் சொச்சம். அந்த இரண்டு ஆண்டும் ஓணத் தள்ளுபடியை நம்பி எல்லை தாண்டியவர்கள் இதையும் பஸ் கட்டணத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டிருந்தால் பாதிப்பேர் தக்கலையிலேயே இறங்கியிருப்பார்கள்.

இதே தூரம்தான் வாங்கிய பிறகும் வேலை செய்கிறது. அங்கீகரித்த சர்வீஸ் சென்டர் உள்ளூரிலா, 80 கிலோமீட்டர் தள்ளியா, அல்லது ஆளே வீட்டுக்கு வரும் ஆன்சைட் வாரன்டியா? ஒப்பீட்டு அட்டவணைகளில் இந்த வரி இருப்பதில்லை. பழுது பார்க்க ஒருநாள் லீவு போட்டு, பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஆரல்வாய்மொழிக் கணவாயைக் கடந்து போய், “பார்ட் வரணும், அடுத்த வாரம் வாங்க” என்று கேட்டுத் திரும்புகிறவர் நாலரை விழுக்காடு வேகத்தைப் பற்றி நினைப்பதில்லை.

குடும்ப சபையில் இதுவரை பேசாமலிருந்த அம்மா இங்கேதான் வாய் திறக்கிறார். “மக்ளே, ரெண்டும் ஒண்ணுபோலத்தானே இருக்கு. கெட்டுப்போனா எந்தப் பெட்டிக்கு ஆளு வீட்டுக்கு வருவான்?” அதற்குப் பிறகு விவாதம் தொடரவில்லை. 48,990 பெட்டி வீட்டுக்கு வந்தது, ஆன்சைட் வாரன்டியோடும் காலியான ஒரு ரேம் ஸ்லாட்டோடும். முதல் மழைக்காலத்தில் டச்பேட் மக்கர் செய்தது. சொன்ன நாளில் டெக்னீஷியன் வந்தார், அரை மணி நேரத்தில் சரிசெய்தார். அம்மா அவருக்குக் கட்டன்சாயாவும் ஏத்தங்காய் சிப்ஸும் வைத்துவிட்டு, அவர் வீட்டில் எந்த லேப்டாப் என்று கேட்டார். அவர் மூன்றாவதாக ஒரு கம்பெனியின் பெயரைச் சொன்னார்.