சாய்கோட்டுக் கல்யாணம்

ஆங்கில பாஷையில் ‘அண்ட்’, ‘ஆர்’ என்னும் சாதுவான இரு சொற்கள் தத்தம் காரியத்தைச் செவ்வனே செய்துகொண்டிருக்க, எதையும் நிச்சயமாகச் சொல்லிவிட்டால் பின்னால் அகப்பட்டுக்கொள்வோமோ என்று அஞ்சிய பத்திர எழுத்தாளர்கள், நடுவே ஒரு சாய்கோட்டை இழுத்து அவ்விரண்டுக்கும் காந்தர்வ விவாகம் செய்துவைத்து, ‘அண்ட்/ஆர்’ என்னும் விநோதத்தை லோகத்துக்கு அருளினார்கள். சந்தேக நிவர்த்திக்காகவே பிறந்ததாகச் சொல்லப்படும் இப்பிரயோகத்தின் அர்த்தம் யாதென்று தீர்மானிக்க, 1850-களிலேயே இங்கிலாந்தில் ஒரு கப்பல் சரக்கு விவகாரம் நீதிமன்றம் ஏறிற்று. வக்கீல்களுக்கு மட்டும் இதனால் யாதொரு நஷ்டமும் இல்லை. 1935-இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் உச்ச நீதிமன்றம் இதனை இருமுகங்கொண்ட பெயரற்ற விகாரமென்று நிந்தித்தது. 1944-இல் பிரிட்டிஷ் பிரபுக்கள் சபையில் சைமன் பிரபுவோ, முறைதவறிப் பிறந்த இணைப்புச்சொல் என்றே கூறிவிட்டார். (விவாகம் காந்தர்வமாயின் வேறென்ன சொல்வார்கள்?) ஆயினும் நம் அரசாங்க விண்ணப்பங்கள் ‘மற்றும்/அல்லது’ என்று அதனைத் தத்தெடுத்துக்கொண்டு வாழ்கின்றன. 1860-ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டமோ, மனிதர்களைச் சிறைக்கு அனுப்பும் கடுங்காரியத்தையே, சிறைவாசம், அல்லது அபராதம், அல்லது இரண்டும் என்று, கோடு ஏதுமின்றி எழுதி முடித்துவிட்டது.